கிணறு மூச்சு விட வைத்த பைப்

எங்கள் ஊருக்கு ஒரு போன் குரூப் உண்டு. ஊராட்சிச் செய்திகளை அதில் போடுவது என் வேலை. யாரும் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இல்லை. டவுனில் ஒரு சேவை மையத்தில் உட்கார்ந்து ஊராருக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறவன், தமிழில் தப்பில்லாமல் அடிப்பான் என்று அது தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. நாளை காலை தண்ணீர் வராது, மோட்டார் ரிப்பேர். சனிக்கிழமை பால் சொசைட்டி எதிரில் மாடுகளுக்குத் தடுப்பூசி. பௌர்ணமியன்று நம் ஊர் வழியாக வண்டி விடமாட்டார்கள், வேலைக்குப் போகிறவர்கள் மதியமே திரும்பிவிடவும். மேட்டுத் தெருவில் ஒரு சாவு, எடுப்பது மூன்று மணிக்கு. இவ்வளவுதான் செய்தி. கீழே எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போடுவார்கள். தண்ணீர் வராது என்பதற்கும் சிலர் அதையே போடுவார்கள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை அதே குரூப்பில் ஒரு புகார் வந்தது. "பொதுக் கிணறு இருந்த எடத்துல நட்டு வெச்ச பைப்பு சாயங்காலம் ஆனா அழுவுது. புள்ளைங்க பயப்படுது. தலைவர் நடவடிக்கை எடுக்கவும்."

கீழே யாரும் எதுவும் போடவில்லை. மதியம் வரை ஒரு கைகூப்பும் படம்கூட வரவில்லை. அதை முதலில் படிப்பவன் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். என் அக்கா அந்தக் கிணற்றில்தான் செத்தாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

கிணறு, மலையைச் சுற்றிப் போகும் கிரிவலப் பாதைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் இருந்தது. நான் பிறக்கும் முன்பே ஊருக்கு டேங்க் வந்துவிட்டது. ஆனாலும் கோடையில் டேங்க் தண்ணீர் போதாமல் கிணற்றுக்குப் போவார்கள். அப்போது அக்கா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், நான் இரண்டாவது. ஒரு காலை குடத்தோடு போனாள். குடம் மேலே இருந்தது, கயிறு மேலே இருந்தது. வழுக்கிவிட்டாள் என்று பாதிப் பேர் சொன்னார்கள். குதித்துவிட்டாள் என்று பாதிப் பேர் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அவள் இருந்திருந்தால் அந்த முதல் ஆள் அவளாக இருந்திருப்பாள்.

அவள் முகம் எனக்கு பஸ் பாஸுக்கு எடுத்த போட்டோவிலிருந்துதான் தெரியும். எனக்கென்று நினைவில் இருப்பது ஒரு வாடை. வெளியே கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். பின்னல் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் மண்ணில் சொட்டிக்கொண்டே இருந்தது. பாசியும் துருவும் ஈர மண்ணும் கலந்த குளிர்ந்த வாடை. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு கிணற்றுக்கு மேல் இரும்பு வலை போட்டார்கள். நான் கிட்டப் போனதில்லை. அம்மா அந்தப் பக்கமே போனதில்லை. மளிகைக் கடை கிணற்றைத் தாண்டி இருக்கிறது. அவள் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் போய் வந்தாள். ஏன் சுற்றுகிறாய் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை.

மே தினத்தன்று நடந்த கிராம சபைக் கூட்டத்தில்தான் கிணற்றை மூடுவதென்று முடிவானது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். எங்கள் தலைவர் ஒரு பெண்மணி. அவர் மேடையில் உட்கார்ந்திருப்பார். பேசுவதெல்லாம் அவர் வீட்டுக்காரர். செயலருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் தீர்மானங்களை என்னை வாசிக்கச் சொன்னார்கள். தெருவிளக்கு, கால்வாய் தூர்வாருதல், அங்கன்வாடி ஓடு என்று வரிசையாக வாசித்து வந்தேன். அடுத்ததாக, பயன்பாட்டில் இல்லாத பொதுக் கிணற்றை மூடி அந்த இடத்தில் கிரிவலம் வரும் பக்தர்கள் உட்கார சிமெண்ட் பெஞ்சும் உயரமான விளக்கும் அமைக்க இந்தச் சபை ஒப்புதல் அளிக்கிறது என்று இருந்தது. அதையும் வாசித்தேன். குரல் மைக்கில் போய் மலைப் பக்கம் மோதித் திரும்பி வந்தது.

கைகள் உயர்ந்தன. ஆண்கள் வரிசையில் அப்பாவின் கையும் உயர்ந்திருந்தது.

கூட்டம் முடிந்து வரும்போது கேட்டேன். "நைனா, நீயும் கை தூக்குனியே."

"தூக்காத இன்னா பண்றது? எத்தினி வருசம்டா அத்தப் பாத்துக்னே வேலைக்குப் போறது" என்றார். பீடியை எடுத்தவர் பற்றவைக்காமல் மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வைகாசியில் பொக்லைன் வந்தது. ஓட்டுநர் வெளியூர்ப் பையன். மண்ணைத் தள்ள ஆரம்பிக்கும் முன் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வண்டியின் முன்னால் போய் நின்றுவிட்டார்கள்.

"எம்மா, ஒத்துங்கம்மா, மீட்டர் ஓடுது" என்றான் அவன்.

"உன் மீட்டர் ஓடட்டும். பைப்பு வெக்காம கெணத்த மூடுவியா? பொண்டாட்டி புள்ள கீதா இல்லியா உனக்கு?"

எங்கள் பக்கத்தில் கிணற்றைப் பள்ளம் மாதிரி மண் தள்ளி மூடிவிட மாட்டார்கள். அடியிலிருந்து மேலே வரை ஒரு பைப்பை நிறுத்தி, அதைச் சுற்றித்தான் கல்லும் மண்ணும் கொட்டுவார்கள். கிணறு உயிருள்ளது, மூச்சு முட்டச் சாகடித்தால் மூடியவன் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். ஊரில் குழாய் வேலை எல்லாம் பார்ப்பவர் டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு பாய். அவர் அப்பா காலத்திலிருந்து எங்கள் ஊர்க் குழாய்கள் அவர்கள் கையில்தான். போன் போட்டதும், எங்கோ போர் போட்டு மிச்சமான பெரிய பைப்பை வண்டியில் கட்டி எடுத்து வந்தார். இரும்பு வலையை எடுத்துவிட்டு பைப்பை இறக்கினார்கள். அடியில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்ததாகச் சொன்னார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கற்பூரம் காட்டி, ஒரு தேங்காயை உள்ளே போட்டார்கள். பிறகு பழைய கட்டடத்துச் செங்கல், கருங்கல், கடைசியில் மண்.

எல்லாம் முடிந்தபோது பைப் தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. "மேல எதுனா போட்டு உடட்டுமா?" என்று பாய் கேட்டார். "வாணாம் பாய். நல்லா தெறந்தே இருக்கட்டும்" என்றார்கள் பெண்கள். ஊரே சேர்ந்து அக்கறையாகச் செய்த வேலை அது. அந்தத் திறந்த வாய்தான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று.

ஆனி பிறந்ததும் மலையின் சரிவிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்தது. எங்கள் ஊருக்குக் காற்று பகலில் அங்குமிங்கும் அலையும். பொழுது சாயும் நேரத்தில்தான் ஒரே திசையில் நிலைத்து வீசும். அந்த நேரத்தில் பைப் சத்தம் போட்டது. அழுகை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது அழுகை மாதிரி இல்லை. தூக்கத்தில் இருப்பவர்கள் 'உம்' கொட்டுவார்களே, அப்படி இருந்தது. நீளமாக வரும், நின்றுவிடும். நின்றுவிட்டது என்று நாம் நினைக்கும்போது ஒரு விக்கல் மாதிரி எடுத்து மறுபடி தொடரும். டியூஷன் பிள்ளைகள் வழியை மாற்றிக்கொண்டார்கள். அம்மா பல வருஷமாகச் சுற்றிப்போகும் அதே பள்ளிக்கூடத்து வழி.

புகார் வந்த அன்று நான் குரூப்பில் விளக்கம் எழுதினேன். திறந்த குழாயின் வாய்க்குக் குறுக்கே காற்று வீசினால் ஒலி எழும், காலி பாட்டிலை ஊதுவது போலத்தான், யாரும் பயப்பட வேண்டாம் என்று. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "தம்பி, நாங்களும் பாட்டில் ஊதி கீறோம். பாட்டிலு விக்கி விக்கி ஊதாது."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆடிப் பௌர்ணமிக்கு வழக்கம்போல் கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தது. புது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆந்திராக்காரர் ஒருவர் எழுந்து போய் பைப்பில் காதை வைத்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, "ஓம்காரம்! ஓம்காரம் வஸ்துந்தி!" என்றார், ஓம் சத்தம் வருகிறதாம். அவ்வளவுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்று காதை வைத்துக் கேட்டார்கள். பைப்பில் மஞ்சளும் குங்குமமும் ஏறின. கதம்பச் சரம் ஏறியது. கீழே சில்லறை விழுந்தது. எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா ஒரு சின்ன ஸ்டூலைக் கொண்டுவந்து பைப்புக்குப் பக்கத்தில் போட்டு, "குள்ளமா இருக்கவங்க இதுல ஏறிக் கேளுங்க. அண்ணே, டீ குடிச்சிட்டு நிதானமா கேளுங்க, ஓம்காரம் எங்கயும் ஓடிடாது" என்று கூவிக்கொண்டிருந்தார்.

தெருவுக்குள் அது செத்த பெண்ணின் குரல். பாதையில் அது சாமியின் குரல். நான் நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி கதவு மேல் இருந்தது. அம்மா சாயங்காலத்தில் எங்கும் போகிறவள் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டேன். பக்கத்து வீட்டம்மா தாடையால் கிணற்றுப் பக்கம் காட்டினார்.

அம்மா பைப்பின் முன் நின்று முந்தானையால் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தானை நனைந்து சிவப்பாகியிருந்தது. பூச்சரத்தைப் பிய்த்து ஓரமாக வைத்திருந்தாள்.

"இன்னாம்மா இங்க?"

"கும்புட்டு வெச்சிருக்கானுங்க பாரு. அவ இன்னா சாமியா?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் வாயிலிருந்து அந்த 'அவ' வந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். காற்று வந்தது. பைப் நீளமாக ஒரு 'உம்' கொட்டியது. அம்மா தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது காத்தும்மா. காத்து குறுக்க வீசினா..."

"தெரியும்டா. நீ போன்ல எழுதுனத பக்கத்து வூட்டுக்காரி படிச்சுச் சொன்னா." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கி மேல எடுத்தாந்து போட்டாங்க. வயித்த அமுக்கி அமுக்கிப் பாத்தேன். தண்ணி வந்துது. வாயில வாய் வெச்சு ஊதுனேன். எல்லாம் உட்டுருமா, உட்டுருமானு என் கையப் புடிச்சு இழுக்கறாங்க. நான் ஊதுனேன். உள்ள போவுது, வெளிய வரவே இல்ல. போன மூச்சு அங்கயே நின்னுடுச்சு."

பைப் விக்கியது.

"இப்ப வருது" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து தினமும் போனாள். விளக்குப் போடும் முன் போவாள், விளக்குப் போட்டதும் வந்துவிடுவாள். அப்பா எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், அவள் வர நேரமானபோது, டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் நின்றார். அதற்கு அப்பால் போகவில்லை.

பைப்பின் வாயை சிமெண்ட் வைத்து அடைக்கவேண்டும் என்று தெருக்காரர்கள் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். அதை எழுதித் தரச்சொல்லி என்னிடம் வரவில்லை. வேறு யாரையோ வைத்து எழுதிக்கொண்டார்கள். அது மரியாதை என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் செய்தி போய்விட்டது. அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே, "அடைச்சுடுவாங்களாடா?" என்று கேட்டாள். "கூட்டத்துல எல்லாரும் கை தூக்குனா அடைச்சுடுவாங்க" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

சுதந்திர தினக் கூட்டத்துக்கு அம்மா வந்தாள். அவள் வாழ்க்கையில் முதல் கிராம சபை. பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மற்ற விஷயங்கள் எல்லாம் முடிந்து பைப் பேச்சு வந்ததும், எதிர் வீட்டுக்காரர் எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. "எம்மருமவ மாசமா கீது. சாயங்காலம் ஆனா கதவ சாத்திக்னு காதப் பொத்திக்னு உக்காந்துக்குது. சோறு எறங்கல. நான் யாரையும் தப்பா சொல்லல. எங்க வூட்டுக் கஷ்டத்த சொல்றேன்" என்றார்.

உடனே டீக்கடை அக்கா எழுந்தார். "அது தெய்வ சத்தம். அடைச்சா ஊருக்கு ஆவாது. அதுக்கு ஒரு சின்ன மண்டபம் கட்டணும்."

"உனக்கு ரெண்டு டீ ஜாஸ்தி ஓடணும், அதுக்கு ஊரு பயந்து சாவணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

தலைவர் வீட்டுக்காரர் மைக்கை வாங்கி, "ரெண்டு பேரு சொல்றதும் நியாயந்தான்" என்றார். எதற்கும் அவர் அப்படித்தான் சொல்வார். மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி வாட்சைப் பார்த்தார்.

அப்போது அம்மா எழுந்தாள். பேச்சு அப்படியே அடங்கியது. திரும்பிப் பார்த்தவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். தலைவர் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல மைக்கைத் தூக்கினார். அதுவரை பேசாமல் இருந்த தலைவரம்மா கையை நீட்டி மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "இருங்க. அவங்க பேசட்டும். சொல்லுங்கக்கா" என்றார்.

"மைக்கு வாணாம்" என்றாள் அம்மா. "சத்தம் வாணாம்னா நிறுத்திடுங்க. மாசமா இருக்க பொண்ணு பயப்படக் கூடாது. மண்டபமும் வாணாம், அவளுக்குத் தேங்கா ஒடைக்காதீங்க. ஆனா அடைக்காதீங்க. உள்ள மூச்சு கீது. மறுபடியும் அடைச்சுடாதீங்க."

உட்கார்ந்துவிட்டாள்.

கொடிக்கம்பத்துக் கயிறு கம்பத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. தீர்மானத் தாளோடு நின்றிருந்த நான்தான் சொன்னேன். பைப்பின் தலையில் ஒரு வளைவு மாட்டி வாயைத் தரையைப் பார்க்கத் திருப்பிவிடலாம், வாயில் சல்லடை வைக்கலாம், காற்று குறுக்கே அடிக்காது, சத்தம் வராது, ஆனால் திறந்தே இருக்கும் என்று. எதிர் வீட்டுக்காரர் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்டியே செய்ங்க" என்றார். டீக்கடை அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டாலும் கையையும் தூக்கினார். ஆண்கள் வரிசையில் அப்பாவின் கை உயர்ந்தது. கடைசியாக, இது எப்படிச் செய்வது என்று தெரியாதவள் போல, அம்மாவும் கையைத் தோள் வரை தூக்கினாள்.

மறுநாளே பாய் வந்து வளைவை மாட்டினார். "அன்னிக்கே கேட்டேன் மேல எதுனா போடட்டுமானு. கம்மியா முடிய வேண்டிய வேலைய ஜாஸ்தி ஆக்கிட்டீங்க" என்று ஏணியிலிருந்து முணுமுணுத்தார். வேலை முடிந்து இறங்கியதும், பைப்பைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல.

அன்று சாயங்காலம் காற்று வந்தது, போனது. பைப் வாய் திறக்கவில்லை. நான் குரூப்பில் போட்டேன். பொதுக் கிணறு இருந்த இடத்தில் சத்தம் சரிசெய்யப்பட்டது, பொதுமக்கள் வழக்கம்போல் செல்லலாம். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. டியூஷன் பிள்ளைகள் பழைய வழிக்குத் திரும்பினார்கள். அடுத்த பௌர்ணமிக்கு வந்தவர்கள் சிலர் காதை வைத்துப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார்கள். குங்குமம் வெயிலில் உதிர்ந்தது.

அம்மா போவதை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. சத்தம் இல்லாத இடத்தில் போய் எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆவணியில் ஒரு நாள் மழைமேகம் கருக்கொண்டு நின்றது. மலை உச்சி தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். அம்மா பைப்பின் கீழ் நின்று, வளைந்த வாய்க்கு நேரே, தண்ணீருக்குக் கை ஏந்துவது போல் உள்ளங்கையைப் பிடித்திருந்தாள்.

"வா. இங்க வெய்யி" என்றாள்.

வைத்தேன். சல்லடை வழியாக உள்ளங்கையில் குளிர்ந்த காற்று பட்டது. வெளியே இலை அசையவில்லை. உள்ளேயிருந்து மெல்ல, சீராக வந்துகொண்டிருந்தது. மழைக்கு முன் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது பூமிக்குள் இருக்கும் காற்று மேலே வரும் என்று நான் படித்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். குனிந்தபோது முகத்தில் பட்டது. பாசி, துரு, ஈர மண். கட்டிலுக்கு வெளியே தொங்கிய பின்னல்.

"வருதா?" என்றாள் அம்மா.

"வருதும்மா."

முதல் தூறல் விழுந்தது. நான் குடையை விரிக்க மறந்து நின்றிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, ஈரமே இல்லாத என் உள்ளங்கையைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டாள்.